வாரண்ட் கேட்ட மாமனாரும் ஏழு கிடாக்களும்

மதிப்புக்குரிய வழக்கறிஞர் மாப்பிள்ளை ரூபேந்திரன் அவர்களுக்கு, செடெனாக்கிலிருந்து மாமனார் கமலநாதன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் ஆடுகளும் நலம். அங்கு நீங்களும் சாந்தினியும் நலமாக இருக்க வேண்டும்; குறிப்பாக நீங்கள், ஏனென்றால் உங்களுக்கு இப்போது வேலை வந்திருக்கிறது.

நேற்று மாலை கோத்தா திங்கி சாலையில், ஆடு திருடியதாகச் சொல்லிப் போலீஸ் என்னைக் கைது செய்தது. போனில் சொல்லியிருப்பேன். ஆனால் நடுவில் நீங்கள் "மாமா, சட்டப்படி பாத்தா" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பெக்கோக் முனீஸ்வரர் கோயில் பூசைக்கு ஏழு கிடா கேட்டிருந்தார்கள். கோத்தா திங்கியில் பல், காது, குளம்பு எல்லாம் பார்த்து வாங்கினேன். பெட்டை ஆட்டை நான் தொடுவதே இல்லை, பூசைக்கு ஆகாது. திரும்பும் வழியில், குடியேற்றத் திட்டத்துக் கிராமச் சந்திப்பில் டீ குடிக்க லோரியை நிறுத்தினேன். கட்டிப்போட்ட ஆடுகளுக்குக் காற்று வரட்டும் என்று பின்கதவைத் திறந்து, ஏற்றுகிற பலகையையும் சாய்த்து வைத்து, நல்ல பலா இலையாகப் பரப்பிவிட்டுத்தான் என் டீயைக் கவனிக்கப் போனேன். இப்படிப்பட்ட மனிதனைத்தான் திருடன் என்கிறார்கள்.

லோரியை எடுத்துக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்பேன், ரோட் புளோக். சார்ஜன் மூர்த்தி என்று ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஐயா, பழுப்பு ஆடு ஒண்ணு காணோம்னு புகார் வந்திருக்கு. உங்க லோரியில பழுப்பு ஆடு நிக்குது. இறங்குங்க."

ஒரு ஆட்டைப் பிடிக்க நான் பல்லைப் பார்க்கிறேன், குளம்பைப் பார்க்கிறேன். ஒரு மனிதனைப் பிடிக்க அவருக்கு நிறம் போதும். அதுவும் ஆட்டின் நிறம்!

அப்போதுதான் தீபாவளியன்று நீங்கள் செய்த சொற்பொழிவு ஞாபகம் வந்தது. என் வீட்டு ஆட்டுக்கறியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னீர்களே, "வாரண்ட் இல்லாம போலீஸ் உங்க மேல கையே வைக்க முடியாது மாமா. நெஞ்ச நிமித்திக் கேளுங்க" என்று? நிமிர்த்தினேன்.

"வாரண்ட் இருக்கா?"

"திருட்டுக் கேஸுக்கு வாரண்ட் வேணாம்யா. நியாயமான சந்தேகம் இருந்தா போதும்."

"அந்தச் சந்தேகத்துல யாரு கையெழுத்துப் போட்டா?"

"இதோ, நான் போடுறேன்" என்று விலங்கை எடுத்தார்.

இருபத்து நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளலாமாம். அதற்கு மேல் வேண்டுமென்றால்தான் மாஜிஸ்திரேட்டிடம் கேட்க வேண்டுமாம். வாடகைக்கு லோரி எடுக்கப் போனால்கூட இதைவிட நாலு கேள்வி அதிகம் கேட்பார்கள். இதை எல்லாம் கறி தின்னும்போது நீங்கள் சொல்ல மறந்துவிட்டீர்கள், பரவாயில்லை.

நிலையத்தில் சார்ஜன் ஆடுகளை எண்ணி "எட்டு" என்றார். "ஏழுலா!" என்றேன். "எட்டுதான்யா" என்று எழுதியே விட்டார். மாப்பிள்ளை, நீங்கள் அனுப்பப்போகும் வக்கீல் நோட்டீஸில் இதை முதல் குற்றச்சாட்டாகப் போடுங்கள். ஏழு வரை எண்ணத் தெரியாதவர் கையில் என் சுதந்திரம்!

புகார் கொடுத்த பக்சிக் சமாட் மோட்டார் சைக்கிளில் வந்தார். வயசான மலாய்க்காரர்; ஊரே பெரியப்பா முறை வைத்துப் பக்சிக் என்றுதான் கூப்பிடும். லோரியைப் பிடித்துக்கொண்டு "மானிஸ்! மானிஸ்!" என்று கண் கலங்கக் கூப்பிட்டார். அது ஆட்டின் பெயராம். நெருக்கியடித்து நின்ற அத்தனை ஆடும் ஒன்றாகக் கத்தின. கடைசியில் "நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை" என்று மலாயில் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டார். அதற்குள் ஆடுகள் தலையை நீட்டி, நிலையத்து வேலியிலிருந்த செம்பருத்தியை மொட்டையடித்திருந்தன. நம் நாட்டின் தேசிய மலரைத் தின்றால் வாரண்ட் வேண்டுமா வேண்டாமா என்று யாராவது யோசிப்பதற்குள், ஆடுகளோடு என்னை அனுப்பிவிட்டார்கள்.

இன்று காலை சந்தையில் ஹேமநாதன் கேட்கிறான், "என்னண்ணே, லோக்கப்ல ஆட்டுக்கறி போட்டாங்களா?" இந்தச் சிரிப்பு பெக்கோக் வரை போனால், திருட்டுக் கிடாவை எந்தக் கோயில் வாங்கும்? முப்பது வருடமாகச் சம்பாதித்த பெயர். ஆகவே திங்கட்கிழமைக்குள் நோட்டீஸ் போக வேண்டும். சார்ஜனும் பக்சிக்கும் சந்தையில் வந்து, எல்லார் காதிலும் விழும்படி மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சாந்தினிக்கு என் ஆசீர்வாதம். உங்களுக்கும் உண்டு, நோட்டீஸ் போன பிறகு.

வாரண்ட் இல்லாமல் உள்ளே போய், மன்னிப்பு இல்லாமல் வெளியே வந்த,
கமலநாதன்

பி.கு.: நோட்டீஸ் வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் கொட்டகையிலிருந்து உங்கள் அத்தையின் சத்தம்: "ஏங்க, நேத்து நீங்க வாங்கியாந்த கிடா ரெண்டு குட்டி போட்டிருக்கு!"

பலா இலை வாசத்துக்கு மானிஸ் தானாகவே பலகையில் ஏறி வந்திருக்கிறாள். சார்ஜனுக்கு நானே போன் செய்தேன். "இப்ப எத்தனைய்யா?" என்றார். "பத்து" என்றேன். "நல்லா எண்ணிட்டீங்களா?" என்றார். அந்தக் குத்தலையும் வாங்கிக்கொண்டேன்.

பக்சிக் போனில் மறுபடியும் அழுதார், இந்த முறை சந்தோஷத்தில். பேசி முடித்துவிட்டோம்: தாயும் பெண் குட்டியும் அவருக்கு, பால் மறந்ததும் கிடாக்குட்டி எனக்கு (தூக்கிப் பார்த்துவிட்டேன், கிடாதான்), புகார் வாபஸ், கொண்டுபோய் விட லோரி வாடகை இல்லை, வழியில் டீ குடிக்க நிறுத்தினால் பலகை உள்ளே.