மோட்டாருக்குப் பவுடர் பூசிய மாமன் எழுதுவது

ஏரிகளின் ஏகாதிபதியும், என் தங்கை பெற்ற ஒரே திலகமும், படகு மோட்டாரை மாமன் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போன உத்தமனுமாகிய மருமகனுக்கு,

இங்கே நான் நலம், உன் அத்தை நலம். மோட்டாருக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் இருந்தது. பதறாதே, இப்போது அதுவும் நலம்.

நீ போன மறுநாள் காலை, துணி துவைக்கும் அறைக்குள் நுழைந்த உன் அத்தை வழுக்கியபடியே மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தாள். தரையில் எண்ணெய். கப்பல் கவிழ்ந்த கடல்கூட அவ்வளவு பளபளத்திருக்காது. "ஏங்க, உங்க மருமகப்பிள்ளை மோட்டாரை விட்டுட்டுப் போனானா, எண்ணெய்க் கிணறு தோண்டிட்டுப் போனானா?" என்றாள். எனக்கு உன் சனிக்கிழமைதான் கண்முன் வந்தது. உனக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் அப்பாவை முதல்முறையாகப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறாய்; நடு ஏரியில் மோட்டார் மூச்சை விட்டால் மனிதர் பெண் கொடுப்பாரா? நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன்.

முதலில் மோட்டாருக்கு அடியில் பழைய அட்டையை விரித்தேன். சொட்டு பின்பக்கம், தண்ணீரைத் தள்ளும் விசிறிக்கு நேர் கீழே விழுந்தது. தொட்டு முகர்ந்தேன், பெட்ரோல் இல்லை, கெட்டியான கியர் எண்ணெய். உடனே மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "நாளைக்கு வர்றேன் சார். அதுவரைக்கும் மோட்டாரை நல்லாத் துடைச்சிட்டு லேசா பவுடர் தூவி வைங்க. எண்ணெய் எங்கேர்ந்து வருதோ அங்கே கோடு விழும்" என்றான். அவன் லேசாக என்று சொன்னது என் பரம்பரைக்குப் பழக்கமில்லாத அளவு. அத்தையின் முகப்பவுடர் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். எண்ணெயும் பவுடரும் குழைந்து, கோடு தெரிய வேண்டிய இடத்தில் பலகார மாவு பிசைந்தாற்போல் ஆனதுதான் மிச்சம். "இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு டப்பா வாங்கித் தந்திருக்கீங்களா? இதுக்கு மட்டும் அலங்காரமா!" என்று அத்தை கேட்டது நியாயம்தான். நான் மறுபடி துடைத்து, ஸ்பேனரை எடுத்து, கண்ணில் பட்ட திருகாணியை எல்லாம், என் மூக்குக்கண்ணாடித் திருகு உட்பட, இமயமலையே வந்து இழுத்தாலும் அசையாதபடி இறுக்கிவிட்டு, மிச்சப் பவுடரைப் பூசி, அடியில் புது அட்டையை விரித்துவிட்டுப் படுத்தேன்.

இன்று காலை போய்ப் பார்க்கிறேன்: அட்டை சுத்தம்! பவுடரில் ஒரு கோடு கிடையாது! உலகத்து மெக்கானிக்குகள் எல்லாம் கைகட்டி நின்று கற்றுக்கொள்ள வேண்டிய வைத்தியம். தைரியமாக வந்து மோட்டாரை எடுத்துப் போ. உன் படகு போகிற வேகத்தில் மாமனாருக்குத் தலைமுடி பறக்கட்டும். இல்லாவிட்டால் தொப்பி பறக்கட்டும்.

சகல சௌபாக்கியங்களும் உன் படகில் இடம் பிடித்து உட்கார ஆசீர்வதிக்கும்,
மாமன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் மெக்கானிக் வந்து சேர்ந்தான். மோட்டாரைப் பார்த்து, "பொண்ணு பார்க்க வர்றாங்களா சார்?" என்று கேட்டுவிட்டு, கீழே இருந்த திருகாணியைக் கழற்றினான். நான் இறுக்கியிருந்த இறுக்கில் அவன் ஆயுளில் பாதி போயிருக்கும். ஒரு சொட்டு விழவில்லை. "பார்த்தியா!" என்று மார்தட்டினேன். "சார், இதைக் கழட்டினா எண்ணெய் கொட்டணும். உள்ளே இருந்ததெல்லாம் ஒழுகித் தீர்ந்துபோச்சு, அதான் நின்னுடுச்சு" என்றான். விசிறியைக் கழற்றினால், தண்டில் யாரோ விட்ட தூண்டில் நரம்பு சுற்றி, எண்ணெய் கசியாமல் அடைக்கும் 'சீல்' என்ற ரப்பர் வளையத்தை அறுத்து வைத்திருக்கிறது. புது சீல் அடுத்த வாரம்தான் வருமாம். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு, மோட்டாரைத் தொடாதே. சனிக்கிழமை துடுப்பை எடுத்துப் போ. இரண்டு துடுப்பையும் நீயே போடு. மூச்சு வாங்குவதில் உன்னால் ஒரு வார்த்தை பேச முடியாது. அடக்கமான பையன் என்று அவர் அன்றைக்கே சம்மதித்துவிடுவார்.