ஒற்றைச் சப்பாத்தும் செத்தல் மிளகாயும்

பிரான்ஸ் தேசத்தில் கடை கடையாக ஏறி, வலது காலுக்கு மட்டும் சப்பாத்து விற்பீர்களா என்று கேட்ட மனிதர் ஒரே ஒருவர்தான். ஒரு கடைக்காரனும் சம்மதிக்கவில்லை. ஆகவே சோடியாக வாங்கி, வலதைப் போட்டுத் தேய்த்துவிட்டு, இடதைப் பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவார். இடது காலில் றப்பர் செருப்பு. பனி கொட்டினாலும் அதே கோலம்தான். பெற்றோர் வைத்த பெயர், பாரிஸில் எங்கள் சனம் கூடுகிற லா சப்பலில் எவருக்கும் தெரியாது. 'ஒற்றைச் சப்பாத்து' என்று கேட்டால் ரூ பெர்தொனே தெருவில் நகைக்கடைக்காரர்கூட வழி காட்டுவார்.

வன்னிச் சண்டை முடிந்த அடுத்த வருடம் வந்து சேர்ந்தவர். பக்கத்து மார்க்ஸ் டோர்மோயில் நாங்கள் நாலு பேர் இருந்த அறைக்கு ஐந்தாவது ஆளானார். இடது காலில் செல் குண்டின் துண்டு பட்ட காயம் எப்போதோ ஆறியிருந்தது. நரம்பு மட்டும் அந்தச் செய்தியை நம்ப மறுத்தது. போர்வை பட்டால் நோகும், ஜன்னல் காற்றுப் பட்டால் நோகும். மெத்ரோவில் யாராவது மிதித்துவிடுவார்கள் என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் வாளிக்குள் காலை விட்டபடிதான் பயணம். ஒருநாள் வயதான பிரெஞ்சு அம்மா ஒருவர் இரக்கப்பட்டு அந்த வாளிக்குள் சில்லறை போட்டுவிட்டார். அது நேரே காலில் விழுந்தது. இவர் போட்ட சத்தத்தில் அடுத்த தரிப்பிடத்தில் பாதிப் பெட்டி இறங்கிவிட்டது.

ஆனால் சமையலில் விண்ணன். சாப்பாட்டுக் கடையொன்றின் பின்பக்கத்தில், வாங்குப் பலகையில் இருந்தபடியே ஊருக்கே கறி வைப்பார். புறநகர் ஓல்னே-சூ-புவாவில் ஒரு பெரிய கன்ரீன் அவருக்கு நிரந்தர வேலை தர ஆயத்தமாக இருந்தது. நிபந்தனை ஒன்றுதான்: இரண்டு காலிலும் மூடிய சப்பாத்து வேண்டும். அந்த வேலை கிடைத்தால்தான் வவுனியாவில் இருந்த மனைவியைக் கூப்பிட விண்ணப்பம் போடலாம். ஆக, அந்த மனுசியின் பயணம் முழுவதும் ஓர் இடது சப்பாத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே வைத்தியரானார். உறைந்த பட்டாணிப் பையைக் கட்டிப் பார்த்தார். கற்பூரம் தேய்த்துப் பார்த்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, செத்தல் மிளகாயை வறுத்து இடித்து, எண்ணெயில் குழைத்துப் பாதத்தில் பூசினார். வறுத்த புகையிலேயே ஐந்து மாடியும் இருமியது. மூன்றாம் மாடி மடாம் தீயணைப்புக்காரரைக் கூப்பிட்டார். வந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

"அண்ணை, உங்களுக்கு விசரே?" என்றேன்.

காலைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுத் துடித்தபடி அவர் சொன்னார்: "தம்பி, முள்ளை முள்ளாலைதான் எடுக்க வேணும். எரிவை எரிவாலைதான் அடிக்க வேணும்."

பாதம் கொப்பளித்துப் போனது. மறுநாளே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். தீராத நோவுக்கென்றே அங்கே ஒரு பிரிவு இருந்தது. டொக்டர் ஒரு பெண். எப்படி நோகிறது என்று கேட்டார். மொழிபெயர்ப்பு என் பொறுப்பு.

"குதிக்காலிலை விண்விண் எண்டு இடிக்கும். விரலுகளிலை சுள்சுள் எண்டு ஊசி. பாதம் முழுக்கத் தணலிலை வைச்ச மாதிரி. இடைக்கிடை கரண்ட் அடிக்கும்."

நான் டொக்டரைப் பார்த்து, "சா ஃபே மால்" என்றேன். நோகுது என்று அர்த்தம்.

"நான் இவ்வளவு சொன்னனான், நீ மூண்டு சொல்லிலை முடிச்சுப்போட்டாய். தள்ளு அங்கால." எழுந்து நின்று ஒவ்வொரு நோவையும் அவரே நடித்துக் காட்டினார். டொக்டர் தன் கேள்வித்தாளில் இருந்த கட்டமெல்லாம் புள்ளடி போட்டார். பத்துக்கு எத்தனை நோவு என்று கேட்டதற்கு இவர் விரலால் ஏழு காட்டினார்.

இப்படியான நரம்பு நோவுக்குப் தோலில் ஒட்டுகிற மருந்துப் பட்டை, புதிதாக ஒரு ஒட்டு வந்திருக்கிறது, யார் யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று இங்கே ஆராய்ந்துகொண்டிருக்கிறோம், சம்மதமென்றால் கொப்பளம் ஆறியதும் வாருங்கள் என்றார் டொக்டர். அதில் என்ன மருந்து என்று கேட்கச் சொன்னார் இவர். கேட்டேன். பதில் வந்ததும், சரியாகத்தான் விளங்கியதா என்று டொக்டரிடமே இன்னொரு தரம் கேட்டேன்.

"சொல்லனப்பா."

"மிளகாய்தான் அண்ணை. மிளகாயிலை இருக்கிற உறைப்பு."

"திருப்பிச் சொல்லு."

"மிளகாய்."

"மூண்டாம் மாடி மடாமுக்குக் கேக்கிற மாதிரிச் சொல்லு."

டொக்டரிடம் ஞாயிற்றுக்கிழமைக் கூத்தைச் சொன்னேன். அவர் நெற்றியில் கை வைத்தார். மரத்துப்போக மருந்து பூசி, அளவு பார்த்து, நேரம் பார்த்துச் செய்கிற வேலை இது, வீட்டில் செய்தால் தோல் போய்விடும் என்று கண்டித்தார். பிறகு சிரித்து, "ஆனால் உங்கள் யோசனை பிழையில்லை" என்றார். அந்தக் கடைசி வசனத்தை மட்டும் என்னை நாலு தரம் மொழிபெயர்க்க வைத்தார் மனுசன்.

ஒட்டுகிற நாளில் தாதி கையுறை, முகமூடி, கண்ணாடி சகிதம் வந்தார். இவர் அந்த ஒட்டை மோந்து பார்த்து, "உறைப்புக் காணாது" என்று தீர்ப்புச் சொன்னார். பத்து நிமிடத்தில் என் கை அவருடைய பிடிக்குள் நசிந்துகொண்டிருந்தது. இப்போது எத்தனை என்று டொக்டர் கேட்டார்.

"எட்டு. ஆனா இது நல்ல எட்டு எண்டு சொல்லு."

மூன்றாவது கிழமை ஒரு காலை, அவருடைய போர்வைக்குள் இரண்டு கால்களும் இருந்தன. நாங்கள் நாலு பேரும் வேலைக்குப் போகாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஏழாக இருந்த நோவு மூன்றாகியிருந்தது. சில மாதத்துக்கு ஒருமுறை திரும்ப ஒட்டவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார், அது அவருக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. கட்டிலுக்குக் கீழிருந்து பெட்டிகளை இழுத்தார். நாலும் புத்தம் புது இடது சப்பாத்துகள். ஒன்றை மாட்டிக்கொண்டு மார்க்ஸ் டோர்மோயிலிருந்து ரூ பெர்தொனே வரை நடந்தார். ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று குதியால் நிலத்தைத் தட்டிக் காட்டினார். அந்த வாளியில் ஒரு பூச்செடி வைத்து மூன்றாம் மாடி மடாமுக்குக் கொடுத்துவிட்டார்.

கன்ரீன் வேலை கிடைத்தது. காகிதங்கள் மெல்ல மெல்ல நகர்ந்தன. மனைவி வந்து இறங்கிய கிழமை இருவரும் நான் புதிதாக எடுத்திருந்த வீட்டுக்கு வந்தார்கள். உள்ளே அவர் மிளகாய் வைத்தியத்தைத் தானே கண்டுபிடித்த கதையை அந்த அக்காவுக்கு விளம்பிக்கொண்டிருந்தார். தேத்தண்ணீர் எடுக்க எழுந்தபோது வாசலைப் பார்த்தேன். தேய்ந்த வலது சப்பாத்து, மினுங்குகிற இடது சப்பாத்து, பக்கத்தில் ஒரு சோடி சின்னச் செருப்பு. யாரும் மிதித்துவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் சுவரோரம் எடுத்து வைத்தேன். இடதைத் தூக்கும்போது மட்டும், பழக்கதோஷம், நோகுமோ என்று கை மெதுவாகிவிட்டது.