வசனம் பெயிண்டரின் மதில்

செங்கல்பட்டு தொடங்கிக் கடற்கரை வரைக்கும், வசனம் பெயிண்டர் அளவுக்குக் கோபத்தோடு வேதம் படித்த மனிதர் இன்னொருவர் இருக்கவே முடியாது. மற்றவர்கள் நிம்மதிக்காகப் படிப்பார்கள். இவர் தம்பியைத் திட்டுவதற்கு வாசகம் தேடிப் படித்தார்.

தொண்ணூறுகளில் நான் கல்பாக்கம் பக்கம் அந்தத் தம்பி வீட்டு மாடியில் குடியிருந்தேன். எதிர்வீடு பெயிண்டருடையது. ஊர் ஊராய்ப் போய்ச் சுவர்களில் பைபிள் வசனம் எழுதுவது அவர் தொழில். சொந்த மதில் மட்டும் தம்பிக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. மாதம் ஒரு வசனம். எல்லாம் தண்டனை, அக்கினி, பற்கடிப்பு. சாதாரணக் கோபத்துக்கு நீலம், முற்றிய கோபத்துக்குச் சிவப்பு. தம்பி அதைப் பல் தேய்த்துக்கொண்டே படித்துவிட்டு, டிபன் பாக்ஸோடு வேலைக்குக் கிளம்புவார்.

அந்த வேலைதான் விவகாரமே. அணுமின் நிலையத்துக்கு நிலம் எடுத்ததற்கு வீட்டுக்கு ஒரு வேலை என்று வந்தபோது, பெயிண்டர் திருப்போரூரில் எழுதப் போயிருந்தார். மூன்றே நாளில் தம்பி அப்பாவைச் சரிக்கட்டித் தன் பெயரைக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து பதினோரு வருஷம் பேச்சு கிடையாது.

ஒரு நாள் பெயிண்டர் என்னை டீக்கடையில் மடக்கினார்.

"சார், வேதத்துல ஒரு அண்ணங்காரன் வர்றான், அவன் லூசா இன்னா? தம்பி அவன ஏமாத்தி அப்பன்கிட்ட ஆசீர்வாதத்த வாங்கிகினு ஓடிட்டான். ரொம்ப வருசம் கழிச்சி பயந்துகினே திரும்பி வர்றான். இவன் இன்னா பண்ணணும்?"

"அடிக்கணும்," என்றேன்.

"கரெக்ட்டு! ஆனா ஓடிப்போயி கட்டிப்புடிச்சிகினு அழுவுறான் சார்! நாலு சாத்தாவது சாத்த வேணாமா?"

ஒரு மாதம் இதே புலம்பல். பாஸ்டரிடம் போய்ச் சண்டை போட்டார். அச்சில் ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று நாலைந்து வீட்டுப் புத்தகங்களை வாங்கிச் சரிபார்த்தார். எல்லாவற்றிலும் அந்த அண்ணன் ஓடித்தான் போனான்.

பிறகு ஒரு காலையில், மதிலில் இருந்த சிவப்பு எழுத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தார். அப்புறம் எதுவும் எழுதவில்லை.

"அந்த அண்ணங்காரனுக்கு எப்டி சார் மனசு வந்துது?" என்று மட்டும் என்னிடம் ஒருமுறை கேட்டார்.

வெறும் மதில் தம்பியைக் கலங்கடித்துவிட்டது. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலை தெருவைத் தாண்டிப் போய், அண்ணன் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, சொவுத்துல ஒண்ணுமே காணோம். ஒடம்புக்கு இன்னா?"

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பெயிண்டர் அவசரமாக எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. முகம் கோணி, அழ ஆரம்பித்துவிட்டார்.

"ஓடியார முடிலடா. முட்டி வலி. நீயே வா."

தம்பி போனார். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நான் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஆறு மாதமாகப் பேசாமல் இருந்த என் அண்ணனுக்கு அன்றைக்கே எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டேன். பெயிண்டரிடம் அதைச் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம், ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார்.