அடுத்த கடை மாப்பிள்ளைச் செடி

பதுளை
14.03.1977

அன்பு மச்சான் ஹுமைத் அவர்களுக்கு மொஹிதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், ரஹ்மத்தும்மா, ஜவுளிக்கடை எல்லாம் நலம். பண்டாரவளையில் நீங்களும் தங்கச்சி லரீபாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம். நிற்க, இங்கே ஒரு கல்யாணம் நடந்துவிட்டது. சொல்லாமல் முடித்துவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம். பெண், மாப்பிள்ளை இரண்டும் செடிகள்.

கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்துப் பெரிய துரை ஊரைவிட்டுப் போனபோது, அவருடைய ஆஸ்திரேலியா துரைசாணி தன் இரண்டு செடித் தொட்டிகளில் ஒன்றை எனக்கும் மற்றதைப் பக்கத்துப் பாத்திரக்கடைச் சிதம்பரநாதனுக்கும் கொடுத்தார். எங்கள் இருவருக்கும் பதினொரு வருஷமாகப் பேச்சில்லை என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. சிதம்பரநாதனின் கூரைப் பீலியில் வழிந்த மழைத் தண்ணீர் என் சேலைக் கட்டுகளில் கொட்டிய அன்று நின்ற பேச்சு அது. இலைகள் பளபளவென்று பெரணி வகைப் பன்னச்செடி போலவே இருந்ததால், போன மாதம் மலர்க் கண்காட்சியில் பன்னங்களோடு கொண்டுபோய் வைத்தேன். நடுவராக வந்த தாவரவியல் டீச்சர் ஜெயலெட்சுமி அதைத் தூக்கி மேசைக்குக் கீழே வைத்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! "கோவிக்காதீங்க மொதலாளி, இது பன்னமே இல்லீங்க. சைக்கஸ் சாதி. போவேனியான்னு பேரு. ஒலகத்துலயே ரெண்டே வகைதான், ரெண்டும் ஆஸ்திரேலியாக் காட்டுல" என்றார். உலகத்தில் இரண்டே வகை, அதில் ஒன்று என் கடை முற்றத்தில்! பரிசு போனது மறந்து, கண்ட கண்ட வாடிக்கையாளரையெல்லாம் இழுத்துப்போய்க் காட்டினேன். இரண்டு பேர் துணி வாங்காமலே தப்பி ஓடினார்கள்.

பிறகு ஒரு காலையில் தொட்டி மண்ணைப் பிளந்துகொண்டு அன்னாசிப் பிஞ்சு போல ஒன்று எட்டிப் பார்த்தது. டீச்சரிடம் ஓடினேன். இதற்குப் பூ இல்லையாம், கூம்புதானாம். தண்டு கிழங்கு போல மண்ணுக்குள்ளேயே கிடப்பதால் கூம்பும் தரையிலேயே முளைக்குமாம். ஆண் செடி வேறு, பெண் செடி வேறாம். ஆண் கூம்பு மெலிந்தது, பெண் கூம்பு பருத்தது, அந்தக் காட்டுக் கூன்வண்டுதான் மகரந்தத்தைச் சுமந்துபோகுமாம். என்னுடையது நல்ல பருமன், ஆகவே பெண். மதிலில் ஏறிப் பார்த்தேன். சிதம்பரநாதன் தொட்டியிலும் கூம்பு இருந்தது, ஒல்லியாக! அவரிடம் போய் நிற்க மனமில்லாமல், அரிசி வண்டும் கூன்வண்டுதானே என்று ஒரு சிரட்டை நிறையப் பிடித்து, மதிலுக்கு மேலால் அவர் செடியில் கொட்டினேன். அவை மகரந்தத்தை முகர்ந்துகூடப் பார்க்காமல் மதிலேறித் திரும்பிவந்து, ரஹ்மத்தும்மா காயவைத்திருந்த மாவில் குடியேறின. "ஒங்கட வண்டுகளுக்கு இருக்கிற புத்தி ஒங்களுக்கு இல்லியே! வாசலால போய்க் கேளுங்களேன்" என்றாள்.

போனேன், மச்சான். பதினொரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியில் கால் வைத்தேன். சிதம்பரநாதன் கையிலிருந்த செம்பைக் கீழே போட்டுவிட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல், "முதலாளி, ஒங்கட ஆம்பளய எங்கட பொம்பளைக்குத் தாங்க" என்று உளறிவிட்டேன். விஷயத்தை விளக்கியதும், "எங்க பக்கம் பொண்ணு கேட்டுத்தான் வருவாங்க. நீங்க மாப்பிள்ளை கேட்டு வந்திருக்கீங்களே, நானா!" என்று, நம்மவர்கள் அண்ணனைக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டுச் சொன்னார். "எங்கட பக்கம் மாப்பிள்ளை கேட்டுத்தான் போற" என்றேன். மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு தானே தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, மழைக்குக் குடைபிடித்தபடி வந்தார். வர்ணத் தூரிகையால் மகரந்தத்தை ஒரு தாளில் தட்டி எடுக்கும் நேரம் பார்த்து ஒரு தும்மல் போட்டார். பாதி மாப்பிள்ளை என் தாடியில். மீதியைத்தான் தடவினோம். தேத்தண்ணீர் குடிக்கும்போது பீலியை நிமிர்ந்து பார்த்து, "இதுக்கா நானா பதினொரு வருசம்?" என்றார். மறுநாள் காலையில் பீலி வேறு பக்கம் திரும்பியிருந்தது.

முதல் கன்று உங்களுக்குத்தான், மச்சான். தொட்டி தயாராக வைக்கவும். தங்கச்சிக்கு என் ஸலாம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்கள் வீட்டில் பரக்கத் நிறைய துஆவுடன்,

மொஹிதீன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஜெயலெட்சுமி டீச்சர் வந்தார். குனிந்து பார்த்தார். இரண்டுமே ஆணாம். என்னுடையது எரு தின்று கொழுத்த ஆணாம். "நேத்து நீங்க இல்லாதப்பவே பார்த்து, பாத்திரக்கடை ஐயாகிட்ட சொன்னேனே. நானாவுக்குத் தெரிய வேணாம், மனசு ஒடஞ்சிருவாருன்னு சொன்னாரு" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். சற்று முன் சிதம்பரநாதனே வந்து, "வெதை வர எவ்வளவு நாள் ஆகும் நானா?" என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார். "ஏழெட்டு வருஷம் போகும் முதலாளி" என்றேன். "அப்ப அவசரமில்ல" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்.