பிரெஞ்சு மலையில் செருப்புக் காவல்

பிரெஞ்சுக்காரர்களைச் செருப்பைக் கழற்ற வைத்து மலையேற்றிய ஆள் இந்தப் பூமியில் ஒருத்தன்தான். அவன் எங்கள் குல்லா.

ஆகஸ்ட் வெயிலிலும் குரங்குக் குல்லாவைக் கழற்றாததால் விடுதியில் அவனுக்கு அந்தப் பெயர். சொந்த ஊர் திருத்தணி. நான் அரக்கோணம். பக்கத்து ஊர்க்காரி என்று தெரிந்த நிமிடமே "யக்கா" என்று ஒட்டிக்கொண்டான். இருவரும் பிரெஞ்சு படிக்கத்தான் பிரான்சில் அந்தச் சின்ன ஊருக்குப் போயிருந்தோம். வருடக் கடைசியில் பேச்சுத் தேர்வில் தேறினால் அங்கேயே கல்லூரியில் சேரலாம். கோட்டை விட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

குல்லாவின் அப்பாவுக்குத் திருத்தணி மலைப்படி அடிவாரத்தில் தேங்காய், பழக் கடை. அர்ச்சனைத் தட்டு வாங்கினால் செருப்பை அங்கேயே விட்டுப் போகலாம். "பாஸானா படி, இல்லன்னா வந்து கடையில குந்து" என்று சொல்லித்தான் நைனா இவனை அனுப்பியிருந்தார். இவனோ எழுத்தில் புலி, வாயைத் திறந்தால் எலி. "ஊர்க்காரர்களோடு பழகு, இல்லாவிட்டால் தேற மாட்டாய்" என்று ஆசிரியை கையை விரித்துவிட்டார்.

அவ்வளவுதான், குல்லாவுக்கு வெறி பிடித்துவிட்டது.

"உடமாட்டேங்கா. நாய கூட்டிகினு போறவன்லேர்ந்து மேயரு வரைக்கும் பேசிட்டுதான் மறுவேல."

சந்தையில் ஒரே ஒரு தக்காளியை வாங்க அவன் பேசிய பேச்சில் பின்னால் வரிசை தெருமுனை வரை நீண்டது. ஆசிரியை வீட்டு விருந்துக்குப் போனான். "இன்னும் கொஞ்சம் கோழி?" என்றார் அவர். இவன் நம் ஊர் மரியாதைப்படி "வேண்டாங்க" என்றான். நம் ஊராக இருந்தால் கையைத் தள்ளிவிட்டு இலையில் போடுவார்கள். அந்த மகராசி 'சரி' என்று பாத்திரத்தை அடுத்தவரிடம் நகர்த்திவிட்டார். சீஸுக்கும் அதே கதி, கேக்குக்கும் அதே கதி. விடுதிக்கு வந்து என் சோற்றுப் பானையை வழித்துக்கொண்டே புலம்பினான்.

"இன்னாக்கா இது? ஒரு வாட்டி வேணாம்னா உட்டுடறதா? வேணாம்னு சொல்றதே இன்னொரு வாட்டி கேக்கத்தான?"

பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை மலையேறும் குழு அவன் கண்ணில் பட்டது. எல்லாம் ஓய்வு பெற்ற தாத்தா பாட்டிகள். தலைவி ஒரு பழைய தபால்காரம்மா. ஊருக்கு வெளியே ஒரு குன்று, உச்சியில் சின்ன மாதா கோயில். துணைக்கு என்னையும் இழுத்துப் போனான். அடிவாரத்தில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். உச்சியில் சாமி இருக்கும்போது செருப்போடு ஏறத் திருத்தணிக் கால் சம்மதிக்குமா? நவம்பர் குளிர் வேறு. தலையில் குரங்குக் குல்லா, காலில் ஒன்றுமில்லை, நடுவில் பல் தந்தியடித்தது.

பெரியவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு ஆளுக்கொரு ஜோடி பழைய ஷூவோடு வந்து நின்றார்கள். பாவம், பையனுக்கு ஷூ கடிக்கிறது, வேறு வாங்க வழியில்லை என்று நினைத்துவிட்டார்கள். குல்லாவின் முகம் சுண்டிப் போயிற்று. அன்றைக்கே நைனாவுக்கு வீடியோ கால் போட்டான்.

"போட்டுகினு ஏறுடா. முருகன் கோச்சுக்க மாட்டாரு. பாஸாவற வழிய பாரு."

"ஆங், அவரு கோச்சுக்க மாட்டாரு நைனா. எனக்குத்தான் மனசு ஒப்பல."

மூன்றாம் ஞாயிறு அவர்கள் முன்னால் நின்று பேச ஆரம்பித்தான். திருத்தணிப் படி, காவடி, மொட்டை, நைனாவின் கடை, ஆடி வெயிலில் பொசுங்கும் பாதம் என்று ஒன்று விடவில்லை. வினைச்சொல் அத்தனையும் தப்பு. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவர்களோ கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். இவனும் விடாமல் பதில் சொன்னான். கடைசியில் தபால்காரம்மா குனிந்து தன் ஷூ நாடாவை அவிழ்த்தார். ஒவ்வொருவராக எல்லோரும் அவிழ்த்தார்கள்.

குல்லா மட்டும் நகரவில்லை.

"இத்தினி ஷூவ யாரு பாத்துக்கறது? யக்கா, நீ குந்து."

"இங்க யாருடா திருடப் போறான்?"

"எங்க கடையாண்ட வர்றவங்களும் அப்பிடித்தான் சொல்வாங்க. எறங்கி வந்து ஒத்தச் செருப்போட முழிப்பாங்க."

வகுப்பில் முதல் மார்க் வாங்கும் நான், பிரெஞ்சு ஷூக்களுக்குக் காவல் உட்கார்ந்தேன். வழியே போன ஒருவர் நின்று விலை கேட்டார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் எனக்கு அதே உத்தியோகம்.

தேர்வு நாளன்று குழு மொத்தமும் வாசலில் வந்து நின்றது. குல்லா வெளியே வந்தான்.

"இன்னாடா ஆச்சு?"

"போதும் போதும்னு கேள்வி கேட்டவங்களே எழுந்து நின்னுட்டாங்கக்கா. நான் உடலயே!"

ரிசல்ட் வந்தபோது தேறியிருந்தான், பேச்சில் என்னைவிட மேலே. கல்லூரியிலும் இடம் கிடைத்தது. அவன் பிடிவாதத்துக்குக் கிடைக்காமல் போனால்தான் ஆச்சரியம்.

ஆனால் எனக்கு மறக்காதது தேர்வு நாள்தான். அவனுக்கு அடுத்து நான் உள்ளே போனேன். அந்த ஊரில் ரொட்டி வாங்குவதற்கு மேல் யாரோடும் வாய் திறக்காதவள் நான். எனக்காக யார் காத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தால், மழையில் குடை பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் அப்படியே நிற்கிறார்கள்.

"நான் போவ சொல்ட்டேன்கா. எங்கக்கா உள்ள கீதுன்னதும் ஒருத்தரும் நவுரல."

கூடப் பிறந்தவன் இல்லாதவள் நான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். இப்போது யாராவது தம்பி உண்டா என்று கேட்டால், உண்டு, திருத்தணிக்காரன் என்றுதான் சொல்கிறேன்.