மச்சான் காருக்கு அரக்கு நிறம்

அற்புதராஜ் மச்சானுடைய காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டிபோட்டிருந்தார். ஜெபம் செய்கிறார் என்று தெருவில் போனவர்கள் நினைத்திருந்தால், அதுவும் பொய்யில்லை. சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகட்டின் உள்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் பெயர்ந்து, தகடே உள்வாங்கிச் சொட்டை விழுந்திருந்தது.

சந்தவாசலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வர அன்று காலைதான் இரவல் வாங்கிய கார். மச்சான் சார்லி, பேனா இரவல் கொடுத்தால்கூட மூடியைத் தன் கையில் வைத்துக்கொள்கிற ஜாதி. அவரிடம் காரைக் கேட்டு வாங்கித் தந்தவள் மனைவி ஜெசி.

"எங்க அண்ணன் வண்டியில ஒரு கோடு விழுந்துச்சுன்னா, நான் அங்கயே போயிடுவேன். நீங்களே பொங்கித் தின்னுங்க" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

அற்புதராஜ் இருபது வருடமாக வாத்தியார். பொங்கத் தெரியாது. வியாழக்கிழமை மாலை ஆகிவிட்டது. சனிக்கிழமை காலை சார்லி வண்டி எடுக்க வருகிறார்.

முதலில் அம்மிக்குழவியைத் துண்டில் சுற்றித் தட்டினார். சொட்டை நிமிர்ந்தது. மிச்சமிருந்த பெயிண்டும் உதிர்ந்தது.

"கதவோரம் கலர் நம்பர் ஒட்டியிருக்கும் சார், பார்த்துச் சொல்லுங்க" என்றார் பெயிண்ட் கடை ராஜ்குமார்.

நம்பரைப் பார்த்துக் கலர் சொல்வது வெளியூர்க்காரன் பிழைப்பு. பட்டு நெய்கிற ஆரணியில் பிறந்தவனுக்குக் கண் எதற்கு இருக்கிறது? அற்புதராஜ் பக்கத்துத் தெரு ஜெயவேலைக் கூட்டிவந்தார். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர்.

ஜெயவேல் சக்கரத்துக்குள் தலையை விட்டார். "அரக்கு. ஆனா வெறும் அரக்கு இல்ல வாத்தியாரே. பொண்ணு வூட்டுக்காரங்க புடவையைப் பார்த்துட்டு, 'இன்னும் கொஞ்சம் கறுத்தா நல்லாருக்கும்'பாங்களே, அந்த அரக்கு."

வெள்ளிக்கிழமை அற்புதராஜ் பள்ளிக்கு வயிற்றுவலி என்று லீவு சொன்னார். பத்து மணிக்குள் ஜெயவேல் ஒரு பிடி பட்டு நூலுக்குச் சாயம் போட்டு, உலர்த்தி, முறுக்கிக் கொடுத்துவிட்டார்.

ராஜ்குமார் நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பட்டு மின்னுது சார். மினுமினுப்போடவா, மினுமினுப்பு இல்லாமலா?"

"இருக்கிற மாதிரியே போடுப்பா. ஜல்தியா!"

ஜெசி கண்ணில் படாமல் ஜெயவேல் வீட்டு வாசலில் வைத்து அடித்துக் காய்ந்தபோது அந்த ஒரு சக்கரக்குழி மட்டும் முகூர்த்தப் புடவை கட்டிக்கொண்டு நின்றது. மற்ற மூன்றும் கந்தலாகத் தெரிந்தன.

"நாலுத்துக்கும் அடிச்சுட்டா வித்தியாசமே தெரியாது" என்றார் ஜெயவேல்.

நாலுக்கும் அடித்தார்கள். வித்தியாசம் தெரியவில்லை, கல்யாணம்தான் தெரிந்தது. அரக்கு தெறித்து டயர்கள்கூட வெற்றிலை போட்டிருந்தன.

அற்புதராஜ் மறுபடியும் கடைக்கு ஓடினார். "சக்கரத்துக்கு உள்ள யாரு சார் கலர் பாக்குறாங்க? தார் மாதிரி கறுப்புப் பூச்சு ஒண்ணு கீது, அடிச்சா எல்லாம் அடங்கிடும்" என்றார் ராஜ்குமார்.

"இதை மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"நீங்க நூலு எடுத்துகினு வந்தீங்க. நான் இன்னா பண்றது?"

கறுப்பும் அடித்தாயிற்று. டயரும் கறுப்பானது. ஜெயவேல் எட்ட நின்று பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நேத்துதான் ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி கீது. மச்சான் சந்தேகப்பட மாட்டாரா?"

பேஜார்! சாயங்காலம் காரை ஏரிக்கரைக்கு ஓட்டிப்போய், படித்த மனிதர், பட்டதாரி ஆசிரியர், ஈரச் சேற்றை வாரி வாரி நாலு சக்கரத்துக்குள்ளும் அப்பினார்.

"கையெல்லாம் இன்னாங்க சேறு?" என்றாள் ஜெசி.

"உங்க அண்ணன் வண்டியைக் கழுவிகினு இருந்தேன்."

"கழுவினா சேறு போவும். உங்களுக்கு மட்டும் வருது!"

சனிக்கிழமை பத்து மணிக்கு சார்லி வந்தார். கூடவே தோளில் பை மாட்டிய ஓர் ஆள். கண்டுபிடிப்பதற்கென்றே மெக்கானிக்கைக் கூட்டிவந்துவிட்டார் என்றே அற்புதராஜ் நினைத்தார். ஜெசி வாசற்படியில் நின்றிருந்தாள்.

சார்லி நேராக அந்த முன்சக்கரத்துக்கே போய் உட்கார்ந்தார். சேற்றைச் சுரண்டினார். கையை உள்ளே விட்டுத் தடவினார். எழுந்து அடுத்த சக்கரத்துக்குப் போனார். அங்கும் தடவினார். நாலையும் தடவிவிட்டு முதல் சக்கரத்துக்கே திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நல்லாத்தான மச்சான் இருக்குது?" என்றார் அற்புதராஜ். "ஒரு கோடு இல்ல, பாருங்க."

சார்லி மறுபடியும் கையை உள்ளே விட்டுத் தடவினார். ஜெசி பெருமையாகக் கணவரைப் பார்த்தாள். கல்யாணமாகி இப்படி அவள் பார்ப்பது இரண்டாவது தடவை.

பை மாட்டிய ஆள் கேமராவை வெளியே எடுத்தார். "சார், நான் இன்சூரன்ஸ்ல இருந்து இவ்ளோ தூரம் வந்திருக்கேன், போன வாரம் லாரி இடிச்சுதுன்னு எழுதிக் குடுத்தீங்களே, அந்தச் சொட்டையைக் கொஞ்சம் காட்டுங்க!"