மூன்று தொட்டிகளும் கிளாரியின் உபகாரமும்

ஹோம் ஹில்,
திங்கட்கிழமை

அன்புத் தங்கை நோலீனுக்கு அண்ணன் மெர்வ் எழுதுவது.

நானும் உன் அண்ணி கிளெனிஸும் சுகம். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு என் இடது கண் வேண்டாததையெல்லாம்கூடத் தெளிவாகப் பார்க்கிறது. உன் கணுக்கால் வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்புகிறோம். பிறந்தநாள் பரிசுக்கு நன்றி சொல்லி நீ போட்ட கார்டு வந்தது. நான் என்ன அனுப்பினேன் என்று நினைவில்லை. கிளெனிஸைக் கேட்டேன், அவள் என்னைத் திருப்பிக் கேட்டாள். உனக்குப் பிடித்திருந்தால் சரி, நன்றியை நாங்களே வைத்துக்கொள்கிறோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ எனக்காகக் கெரினிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். என் மகள் அந்தக் களை ஆராய்ச்சி வேலையில் சேர்ந்து நடத்தும் முதல் சோதனை இது என்பது உனக்குத் தெரியும். எங்கள் ஏரியை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரைக்கு எந்தக் களைக்கொல்லியை எவ்வளவு அடித்தால் போதும் என்று பார்க்கிறாள், அந்தச் செடி சாக வேண்டும், பக்கத்துக் கரும்பு சாகக் கூடாது. மார்ச் வெள்ளம் ஆராய்ச்சிக்காரர்களுடைய கொட்டகையைக் கொண்டுபோய்விட்டதால் அந்தச் செடி மிதக்கும் பன்னிரண்டு தொட்டிகளையும் எங்கள் வீட்டுப் பின்புறம் கொண்டுவந்து வைத்தாள். ஒன்பதுக்கு மருந்து, மூன்றுக்கு ஒன்றும் கிடையாது, அவை பாட்டுக்கு வளர வேண்டும். அந்த மூன்றோடு ஒப்பிட்டால்தான் மற்றதில் செடி செத்தது மருந்தாலா வெயிலாலா என்று சொல்ல முடியுமாம். "அப்பா, இந்த மூணுலதான் என் உசிரே இருக்கு. யாரும் கை வைக்கக் கூடாது, நீங்களும்தான்" என்று சொல்லிவிட்டு வேறொரு வேலையாக மக்கே ஊருக்குப் போய்விட்டாள். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிப் பிள்ளைகளின் தலையை எண்ணியவன் நான், தினமும் காலையில் இலையை எண்ணி நோட்டில் எழுதிவந்தேன்.

பக்கத்து வீட்டுக் கிளாரியை உனக்குத் தெரியும். நாங்கள் ஊரில் இல்லாவிட்டால் எங்களுக்கு ஏதாவது ஒரு நல்லது செய்யாமல் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது. வாசல் புல்லை வெட்டுவான், குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்து வைப்பான், போன வருஷம் எங்கள் தபால் பெட்டிக்குத் தன் படகில் மிஞ்சிய ஆரஞ்சுப் பெயின்ட்டை அடித்துவைத்தான். கண் ஆபரேஷனுக்காக நாங்கள் இரண்டு ராத்திரி டவுன்ஸ்வில்லில் தங்கிவிட்டுத் திரும்பி வந்தால், ஒன்பது தொட்டியில் செடி பழுப்பாகத் தொங்குகிறது, மூன்று தொட்டி மட்டும் பிரஷ் போட்டுத் தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி தண்ணீர் நிரம்பி நிற்கிறது. வேலிமேல் கிளாரி சாய்ந்து நிற்கிறான், கையில் பீர்.

"என்னப்பா மெர்வ், வயசாகுதுல்ல? ஒம்போதுக்கு மருந்து அடிச்சுட்டு மூணை மறந்துட்டியே. பொண்ணு வந்து திட்டுவாளேன்னு நானே புடுங்கிக் கழுவி வெச்சுட்டேன்."

"கிளாரி, அது வளரணும்."

"களை வளரணுமா?"

"ஆமா."

அவன் கிளெனிஸைப் பார்த்தான். "கண்ணுலதானே ஆபரேஷன் பண்ணாங்க?"

பிடுங்கிய செடி எங்கே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நல்ல இடத்துக்குப் போயாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். நோலீன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, ஒரு கண்ணில் கட்டோடு வாளியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போனேன், மூன்று தொட்டிக்கும் புதுச் செடி அள்ளிவந்து போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று. கரையில் ஒரு பலகை: இந்தச் செடியை இங்கிருந்து எடுத்துச் செல்வது குற்றம், பார்த்தால் தெரிவியுங்கள். கீழே என் மகளின் பெயரும் போன் நம்பரும். வாளியை நனைக்காமலே திரும்பிவிட்டேன்.

இப்போதைய நிலவரப்படி எந்த மருந்தும் கிளாரி அளவுக்கு வேலை செய்யவில்லை. வெள்ளிக்கிழமை பிரிஸ்பேனிலிருந்து அதிகாரிகள் சோதனையைப் பார்வையிட வருகிறார்கள். அவர்கள் தலையாட்டினால் ஏரி வேலை இரண்டு வருஷம், கெரின் இங்கேயே இருப்பாள். இல்லையென்றால் அவளுக்குப் பிரிஸ்பேனில் ஒரு மேசை வேலைதான். பதினோரு வருஷம் கழித்து ஊருக்கு வந்த பிள்ளை, அவளை மறுபடி அனுப்ப எனக்கு மனசு இல்லை. பத்து நாளாகத் தினமும் போன் செய்து "தொட்டியெல்லாம் நல்லாருக்காப்பா?" என்று கேட்கிறாள். நானும் "இருக்கும்மா" என்கிறேன். சின்ன வயதிலிருந்தே உன் பேச்சைத்தான் கேட்பாள். நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கீத்துக்கு எங்கள் அன்பைச் சொல். போவனில் நல்ல மழை பெய்து உன் மாமரங்கள் காய்த்துக் குலுங்கட்டும், உன் கணுக்கால் தேறி நீ தோட்டமெல்லாம் நடக்க வேண்டும்.

உன் அண்ணன்,
மெர்வ்

பின்குறிப்பு: கெரினிடம் இனி நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். கிளாரி இப்போதுதான் வந்துவிட்டுப் போனான். "ஊதாப்பூ அழகா இருந்துச்சு, தூக்கிப்போட மனசு வரல. ஒந்தங்கச்சிக்குப் பொறந்தநாளாச்சே, போவனுக்கு மீன் பிடிக்கப் போனப்ப உன் பேரச் சொல்லிக் குடுத்துட்டு வந்தேன்" என்றான். உன் கார்டை எடுத்து மறுபடி படித்தேன்: அந்தப் பரிசு உன் மீன் குளத்தில் ஒரு வாரத்தில் பாதி தூரம் படர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். உடனே கெரினுக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கார்டையும் வாசித்தேன். முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "மருந்து படாதது அப்படித்தான்பா வளரணும். ஆனா இனிமே என்கிட்ட 'இருக்கும்மா'ன்னு சொல்லாதீங்க" என்றாள். நடந்ததை மறைக்காமல் எழுதிக்காட்டி, அந்தச் செடியைக் கொண்டே மூன்று தொட்டியையும் திரும்ப ஆரம்பிக்கலாமாம். புதன்கிழமை வரும் வழியில் உன் வீட்டுக்கு வந்து அள்ளிக்கொள்வாள். அதற்கான அனுமதி அவளிடம் இருக்கிறது, உன்னிடமும் என்னிடமும் கிளாரியிடமும்தான் இல்லை. நாற்பது வருஷமாகக் கண்ணில் பட்ட களையையெல்லாம் பிடுங்கியவள் நீ, புதன்வரை எதையும் பிடுங்காதே. உனக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. தோட்டச் சங்கக் கூட்டத்துக்குப் போயிருப்பாய். யாருக்காவது அதில் ஒரு செடி பிரித்துக் கொடுத்திருந்தால் பெயர்களை எழுதி வை. இந்தக் கடிதம் சீக்கிரம் சேர வேண்டும் என்று நாளை கிளாரியே கையில் கொண்டுவருகிறான். டீ கொடு, கேக் கொடு, அவனைக் குளத்துப் பக்கம் மட்டும் விடாதே.